இழுப்பு

‘அமைதி கக்கவும்’ என்று சுவரில் எழுதியிருந்தது. காக்கவும் என்றுதான் ஒட்டியிருப்பார்கள். ஒரு கால் உரிந்து விழுந்துவிட்டது. நீல எழுத்துகளுக்கு நடுவே அந்தக் கால் இருந்த இடத்தில் பசை மட்டும் அழுக்கேறி நின்றது. பசையில் அவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்கிறதென்றால் அது விழுந்து வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும். செண்பகவல்லி நேற்று சாயங்காலத்திலிருந்து அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாத்தூரில் தமிழ் டீச்சராகவே தலை நரைத்தவள், பிழையைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். எத்தனை டாக்டர்கள் இந்த வழியாகப் போகிறார்கள், எத்தனை நர்சுகள், தரை துடைக்கிறவர்கள், கழுத்தில் அட்டை தொங்க வருகிற மேனேஜர்கள், ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை? பட்டிருக்கும். அதுதான் புரிந்துவிடுகிறதே, கால் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று போயிருப்பார்கள். சுவரில் இருக்கிற சொல்லுக்கு இவ்வளவு தாராளம். அவள் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு மட்டும், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று மடியிலிருந்த பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் அவருடைய சட்டை, வேட்டி, பெல்ட். நேற்று யாரோ ஒரு பெண் ‘பேஷண்ட் திங்ஸ்’ என்று கையில் திணித்துவிட்டுப் போனது, முடிச்சுப் போட்டபடி அப்படியே இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஐ.சி.யு. அதற்குள் எங்கேயோ ஆவுடையப்பன், அவள் புருஷன், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், தொண்டைக்குள் குழாயோடு கிடக்கிறார். மூச்சை அவர் விடவில்லை, மெஷின் விடுகிறது. காலையில் மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறார்களாம். கண் விழிக்கிறாரா, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார்களாம். பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை. பதினோரு மணிக்கு ஒரு ஆளை உள்ளே விடுவார்கள், அப்போது பெரிய டாக்டரும் இருப்பார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று இந்நேரம் அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்த டீச்சர் மகளுக்கு மதுரையில் ரிசப்ஷன். போகாமலே இருந்திருக்கலாம், மொய்யை யாரிடமாவது கொடுத்துவிட்டிருக்கலாம், ஆனால் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு என்றால் உயிர். கிளம்பும்போது வழக்கம் போல இடது பக்கச் சட்டைப் பையை இரண்டு தட்டுத் தட்டினார். வேலையில் இருந்தபோது டெஸ்டர் இருக்கிறதா என்று பார்க்கத் தட்டியது, இழுப்பு வந்த பிறகு பம்பு இருக்கிறதா என்று பார்க்கத் தட்டுகிறார். வாயில் வைத்து அமுக்குகிற நீல நிறப் பம்பு. ஊரெல்லாம் ஆம்பிளைகள் பர்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள், நீங்கள் என்ன நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிறீர்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்றா என்று அவள் கேலி செய்வாள். இருக்கு, இருக்கு, ஒரு டீச்சரம்மா பிரம்போட இருக்கு என்பார். மண்டபத்தில் மேடை முழுக்கப் புகை. தீப்பிடித்த புகை இல்லை, காசு கொடுத்து மெஷின் வைத்து விட்ட புகை, பொண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் மிதக்க வேண்டுமாம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார் மனுஷன். இரண்டு இருமல். பிறகு பம்பு. திரும்பப் பம்பு. பிறகு அந்தச் சத்தம், அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மெல்லிய விசில். அவளுக்கு அது தூக்கத்திலும் கேட்கும், அடுப்படியில் குக்கர் கத்தினாலும் அதைத் தாண்டிக் கேட்கும். ஆட்டோவில் வரும்போது டிரைவரே திரும்பிப் பார்த்து, “ஐயாவுக்கு இழுப்பாம்மா? ஜன்னல் பக்கம் சாய்ச்சு உக்கார வைங்க” என்றான். ஆட்டோக்காரனுக்குப் புரிந்தது. வாகன இரைச்சலில், முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு, காதால் கேட்டே புரிந்தது.

கேஷுவால்டிக்குள் அந்த டாக்டர் தம்பி. தம்பி என்று இப்போது நினைக்கிறாள், நேற்று வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டாள். அவள் கடைசியாகப் பாடம் எடுத்த பிள்ளைகள் வயசுதான் இருக்கும். வட மாவட்டத்தில் ஏதோ ஊர், பேச்சிலேயே தெரிந்தது. கழுத்தில் குழாய் கிடந்தது, காதில் போன் கிடந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், “என்னம்மா ஆச்சு?” என்றான். “இழுப்பு சார். இவருக்கு இழுப்பு வந்திருச்சு.” “எத்தனை வருஷமா இருக்கு?” “அது ஆச்சு சார், ரொம்ப வருஷமா இருக்கு. விட்டு விட்டு வரும்.” “மாத்திரை எடுத்துக்கிறாரா?” “எடுத்துக்குவாரு. கல்யாணத்துக்குக் கிளம்புற அவசரத்துல விட்டுப்போச்சு.” “அதான்.” அந்த ‘அதான்’. அதை நினைத்தால் அவளுக்கு உச்சந்தலை கொதிக்கிறது. கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு ‘அதான்’. புகை பட்டா வரும் சார், பனி விழுந்தா வரும் சார் என்று அடுத்து சொல்லத்தான் வாயெடுத்தாள். புகை என்ற சொல்லில் ‘பு’ வரை வந்திருக்கும். அதற்குள் அவன் திரும்பியாகிவிட்டது. “அட்டெண்டர் வெளிய இருங்க” என்று யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் என்றால் மணியடிக்கிறவர், இங்கே அட்டெண்டர் என்றால் பொண்டாட்டி, அவளுக்கு அது சட்டென்று புரிந்தது, வெளியே போனாள். அவர்கள் சொல் அவளுக்குப் புரிய வேண்டும். அவள் சொல்லை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் கழித்து அவனே வெளியே வந்து, ஃபிட்ஸுக்கு ஊசி போட்டோம், அதுக்கப்புறம் மூச்சு இறங்கிடுச்சு, டியூப் போட்டு ஐ.சி.யு.வுக்கு அனுப்புறோம் என்றான். அவள் அக்கம் பக்கம் பார்த்தாள், வேறு யாருடைய பேஷண்டையோ சொல்கிறான் என்று. “யாருக்கு சார் ஃபிட்ஸ்?” “உங்க ஹஸ்பண்டுக்குத்தான். நீங்கதானே இழுப்புன்னீங்க?” அவன் ஊரில் இழுப்பு என்றால் வலிப்பாம். கை கால் இழுத்துக்கொள்கிற வலிப்பு. அவளுக்கு இழுப்பு என்றால் மூச்சிழுப்பு. அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த பள்ளத்தில் அவள் புருஷன் விழுந்துவிட்டார்.

ஒரு சொல் பல பொருள். ஏழாம் வகுப்பு இலக்கணம். மா என்றால் மரம், மா என்றால் விலங்கு, மா என்றால் பெரிய. இடம் பார்த்துப் பொருள் கொள்ளணும் பிள்ளைகளா என்று ஆண்டுதோறும் அவள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். திங்கள் கிழமை திங்கள் வந்தது என்றால் எந்தத் திங்கள் எது என்று கேட்டால் கடைசி பெஞ்சுப் பையன்கூடச் சொல்வான். இடம் பார்க்கணும். இடம் என்றால் என்ன? கண்ணெதிரே ஒரு மனுஷன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, முன்னால் குனிந்து, தோள் மேலேயும் கீழேயும் ஏறி இறங்க உட்கார்ந்திருக்கிறான், கழுத்துக் குழி உள்ளே போய் வெளியே வருகிறது, நெஞ்சு விசிலடிக்கிறது, அதுதான் இடம். கழுத்தில் கிடந்த குழாயை ஒரு தடவை அந்த நெஞ்சில் வைத்திருந்தால் போதும். அதைக்கூட வைக்க வேண்டாம், போனை ஒரு நிமிஷம் இறக்கியிருந்தால் போதும். ஆனாலும் நீ வீசிங் என்று சொல்லியிருக்கலாமே. உனக்குத் தெரியாதா அந்தச் சொல்? தெரியும். ஆஸ்துமா தெரியும், மூச்சுத்திணறல் தெரியும், ஈளை நோய் என்கிற பழைய சொல்கூடத் தெரியும், இத்தனை சொல்லும் வாய்க்குள் வரிசையில் நிற்கும்போது எதற்கு இழுப்பைத் தூக்கிப் போட்டாய்? ஏனென்றால் வீட்டில் அதுதான் பேர். இழுப்பு மாத்திரை, இழுப்புப் பம்பு, இன்னைக்கு இழுப்பு பரவாயில்லையா? ஊரில் பார்க்கிற டாக்டரே, எம்.டி. படித்தவர், கதவைத் திறந்ததும் “என்ன டீச்சர், சாருக்கு மறுபடி இழுப்பா?” என்றுதான் கேட்பார். புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது வாயில் எந்தச் சொல் வரும்? அகராதிச் சொல்லா வரும்? வீட்டுச் சொல்தான் வரும். வீட்டுச் சொல்லோடுதான் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அதைக் கேட்கிறதுக்குத்தானே அங்கே ஒருத்தனைக் கோட்டு மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவள் மனசுக்குள் வாதாடினாள். வாதாடி ஜெயித்தாள். ஜெயித்த கையோடு திரும்பவும் முதலிலிருந்து, வீசிங் என்று சொல்லியிருக்கலாமே.

அதையேதான் முகிலனும் காலையில் போனில் கேட்டான். புனேயிலிருந்து டிக்கெட் கிடைக்காமல் அல்லாடுகிறான், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவான். ஒரே மகன், நல்ல பிள்ளை, அழுதுகொண்டேதான் கேட்டான். “ஏம்மா, வீசிங்னு சொல்றதுக்கென்ன? நீ படிச்சவதானம்மா?” நீ படிச்சவதான. படிக்காத பொம்பளை வந்து இழுப்பு என்று சொல்லியிருந்தால் என்ன, அவள் புருஷன் சாகலாமா? அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டாள், அழுகிற பிள்ளையிடம் என்னத்தைப் பேச. சரிப்பா, பார்த்து வா, சாப்பிட்டு வா என்றாள். போனை வைத்த பிறகு எதிர் நாற்காலியில் இருந்த பாட்டையா ஒருத்தர், காதில் பஞ்சு வைத்தவர், இவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. அந்தம்மாதான் மாத்திச் சொல்லிருச்சாம் என்று இந்த வராந்தாவுக்கே தெரிந்துவிட்டதோ. தெரிந்திருக்கும். காலையில் செக்யூரிட்டிகூட, “நீங்கதான அந்த ஃபிட்ஸ் கேஸு?” என்று கேட்டான். இல்லை என்று சொல்வதா, ஆமாம் என்று சொல்வதா? நாற்காலிகள் வரிசையாக ஒரே கம்பியில் கோத்தவை, யாராவது எழுந்தால் எல்லாரும் குலுங்குகிறார்கள், ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

அதோடு அந்தக் கை. கையை நினைக்கும்போதுதான் அவளுக்குப் பயம் வருகிறது, கோபத்தைவிடப் பெரிய பயம். நேற்று வெளியே தள்ளப்படும்போது கதவு மூடுகிற இடுக்கில் பார்த்தாள், அவர் கை நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. தபதபவென்று. ஆளுக்கொரு பக்கமாய்ப் பிடித்தார்கள், அந்தக் கை உதறிக்கொண்டு திரும்ப நெஞ்சுக்கே போனது. பிறகு கதவு மூடிவிட்டது. ஐயோ, இது மூச்சிழுப்பு சார், எதுக்கு அந்த ஊசி என்று அவள் கேட்டபோது டாக்டர் அதைத்தான் சொன்னான். “நீங்க சொன்னதுக்காக மட்டும் ஊசி போடலம்மா. கை இழுத்துட்டிருந்தது, நானே கண்ணால பாத்தேன்.” கண்ணால் பார்த்தேன் என்கிறவனை என்ன சொல்வது? ஒருவேளை நிஜமாகவே வலிப்புதானோ. மூச்சு முட்டினால் மூளைக்குக் காற்று போகாமல் வலிப்பும் வருமாமே. அப்படியானால் இவன் செய்தது சரி, இவள் சொன்னது தப்பாகப் போய்ச் சரியான இடத்தில் விழுந்தது, இவ்வளவு கோபமும் வீண். அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள். ஆனால் ஊசி ஏற்றிய அந்த நர்ஸ்? உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு அந்தப் பிள்ளைக்கு. இழுப்பு என்று இவள் சொன்னதும் அந்தப் பிள்ளை மருந்து ஆவி கொடுக்கிற மெஷின் இருந்த பக்கமாக ஒரு எட்டு வைத்தது, இவள் பார்த்தாள். டாக்டர் வேறு ஏதோ மருந்துப் பேர் சொன்னதும் நின்றது. அவன் முகத்தைப் பார்த்தது. ஏதோ கேட்கப்போகிற மாதிரி உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. அந்த ஒரு பார்வையை இவள் பார்க்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. தெரிந்தவர்கள் கேட்கப் பயப்படுகிற இடத்தில், தெரியாதவன் கேட்காமலே செய்கிற இடத்தில், வாசலில் பிள்ளையார் சிலையும் மீன் தொட்டியும் வைத்து என்ன பிரயோஜனம்?

அப்புறம் அந்தக் காபி. சட்டையில் ‘நோயாளர் நலம்’ என்று அட்டை குத்திய பெண், மிருதுளா என்று பேர், காகிதக் குவளையில் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை, இன்று காபி. கையைப் பிடித்துக்கொண்டாள். பூப்போன்ற கை, பூப்போன்ற பேச்சு. “சாப்பிட்டீங்களாம்மா? முகமெல்லாம் வாடியிருக்கே. பதட்டத்துல எல்லாரும் மாத்திச் சொல்லிர்றதுதாம்மா. உங்க மேல யாரும் தப்பு சொல்லல. எங்கம்மாவா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க.” யாரும் தப்பு சொல்லாதபோது எதற்கு மன்னிக்கிறாள் என்று செண்பகவல்லிக்கு உறைத்தது, ஆனால் காபி சூடாக இருந்தது, குடித்தாள். “பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார்மா. உங்கள ஒரு வார்த்தை கேப்பார். பதட்டத்துல நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்க, அவ்வளவுதான். பிரச்சனை முடிஞ்சிரும். அப்பாவை நாங்க நல்லாப் பாத்துக்கிறோம்.” கடைசி வாக்கியம்தான். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் சர்க்கரை, மருந்து இந்த வாக்கியத்தில் இருந்தது. நல்லாப் பாத்துக்கிறோம். சொல்லாவிட்டால்? குழாய் அவர்கள் கையில், மெஷின் அவர்கள் கையில், மூச்சு அவர்கள் கையில். இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவள், ஹெட்மாஸ்டரிடமே தவறு உங்களுடையது சார் என்று சொன்னவள், குவளையைக் கீழே வைக்காமல், “சரிம்மா” என்றாள். மிருதுளா போன பிறகும் அந்தச் ‘சரிம்மா’ வாயில் கசந்தது. காபியில்லை, அதுதான் கசந்தது. இதுதான் உன் லட்சணம் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிவிடு, அவர் எழுந்து வந்துவிடட்டும், தப்பு உன் பேரில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வராமல் போனால்? வராமலும் போய், தப்பும் உன் பேரில் நின்றால்? ஊரில் ஆள் ஆளுக்கு வந்து உட்கார்ந்து, பாவம், டீச்சர் என்னமோ மாத்திச் சொல்லிருச்சாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முகிலன் ஒன்றும் சொல்ல மாட்டான். சொல்லாமலே இருப்பான், அதுதான் தாங்காது.

கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் வைத்திருந்தது. மூக்கைக் கொண்டுபோய்ப் பைக்குள் வைத்தாள், கல்யாண வீட்டு ஜவ்வாதும் அவர் வேர்வையும் கலந்து வந்தது, ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சட்டையை வெளியே எடுத்தாள். நடுவில் கத்தரித்திருந்தார்கள். பித்தான் பித்தானாகக் கழற்ற நேரமில்லை, சரி, அதை அவள் ஒத்துக்கொள்வாள், உயிருக்கு முன்னால் சட்டை என்ன, தீபாவளிக்கு எடுத்த சட்டையாகவே இருந்தால் என்ன. ஆனால் இடது பக்கம் கனத்தது. விரலை விட்டாள். பம்பு இருந்தது. நீலப் பம்பு, மூடியோடு, பையில் வைத்தது வைத்தபடி. அதன் மேல் மருந்துப் பேர் தமிழிலா எழுதியிருக்கிறது? இங்கிலீஷில், கொட்டை எழுத்தில். சாத்தூரில் இழுப்பு, அங்கே வேறு என்ற கதையெல்லாம் இதற்குக் கிடையாது, இது எந்த ஊர் டாக்டருக்கும் ஒன்றுதான். கத்தரிக்கோலைப் பிடித்த கைக்கும் இதற்கும் நடுவில் ஒரு துணிதான் இருந்திருக்கிறது. கத்தரித்து, சுருட்டி, பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, பொண்டாட்டி கையில் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அவள் ராவெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு, வீசிங் என்று சொல்லியிருக்கலாமே, வீசிங் என்று சொல்லியிருக்கலாமே என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று நினைத்தது அழுகையாக வெளியே வந்தது. காதில் பஞ்சு வைத்த பாட்டையா எழுந்தார், நாற்காலி வரிசை குலுங்கியது.

“ஆவுடையப்பன் அட்டெண்டர்” என்று கதவிலிருந்து கூப்பிட்டார்கள். செருப்பை விட்டாள். பச்சை அங்கியை மாட்டினாள், நாடா எட்டவில்லை. பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றான் செக்யூரிட்டி, பையை அவன் மேஜையில் வைத்தாள், பம்பு மட்டும் உள்ளங்கைக்குள் இருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே குளிர். இரண்டு பக்கமும் படுக்கைகள், எல்லா மெஷினும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கூவிக்கொண்டிருந்தன. தடுப்புத் துணிக்குப் பின்னால் அவர் இருந்தார். மீசை நேற்று கத்தரித்தது, ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. அது ஒன்று போதும் அவளுக்கு. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், என் தப்புதான், நான்தான் மாத்திச் சொன்னேன், எங்கே வேண்டுமானாலும் சொல்லுகிறேன், இந்தக் கண் இப்படியே திறந்திருக்கட்டும். படுக்கைக் காலடியில் பெரிய டாக்டர் நின்றார், பக்கத்தில் அந்தத் தம்பி, ராத்திரியெல்லாம் தூங்காத முகம், இன்று போன் இல்லை. அவளைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தான். “நீங்கதான் கூட வந்தவங்களா? கேஷுவால்டியில என்னம்மா சொன்னீங்க?” என்றார் பெரியவர், கேட்டுக்கொண்டே மானிட்டரைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். பதட்டத்துல நான்தான், என்பது வரை நாக்கில் வந்துவிட்டது. அப்போது ஐ.சி.யு. நர்ஸ் ஒருத்தி, “காலையில மயக்கம் குறைச்சதுல இருந்து கை இழுத்துட்டே இருக்கு சார், அதான் கட்டி வச்சிருக்கோம்” என்றாள். “இன்னும் ஃபிட்ஸா?” “ஆமா சார்,” என்றான் தம்பி, “அந்த இன்ஜெக்‌ஷன் டோஸ் ஏத்திரலாமான்னு பாக்கறேன்.”

அப்போதுதான் கையைப் பார்த்தாள். வலது கை. மணிக்கட்டில் கட்டுத்துணி சுற்றிக் கட்டில் கம்பியோடு முடிச்சுப் போட்டிருந்தது. அந்தக் கை மேலே வரப் பார்த்தது, கட்டு இழுத்தது, விழுந்தது. திரும்ப மேலே வரப் பார்த்தது. இரண்டு தடவை வெட்டும், நிற்கும். இரண்டு தடவை வெட்டும், நிற்கும். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ராவெல்லாம் எதை நினைத்துப் பயந்தாளோ அந்தக் கை. முப்பது வருஷமாக வீட்டு வாசலில் நின்று அவள் கேலி செய்த கை. அவள் குனிந்து முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள். “மேடம், அதத் தொடக் கூடாது, அட்டெண்டர் அதெல்லாம் தொடக் கூடாது” என்று நர்ஸ் ஓடி வந்தாள். “கொஞ்சம் இரும்மா” என்றாள் செண்பகவல்லி. சத்தம் போடவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை ஒரே சொல்லில் உட்கார வைக்கிற குரல் அது, நேற்றிலிருந்து எங்கே போயிருந்ததோ, நர்ஸ் நின்றுவிட்டாள், பெரிய டாக்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. கை எழுந்தது, ஆஸ்பத்திரி அங்கியின் மேல் இடது பக்கம் போனது, பையில்லாத இடத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. நின்றது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி இரண்டு தட்டுத் தட்டியது. நேற்று அத்தனை பேர் பிடித்தபோதும் திமிறிக்கொண்டு போய், இங்கே இருக்கிறது, எடுங்கள், இங்கே இருக்கிறது, எடுங்கள் என்று தட்டியிருக்கிறார். அவள்தான் ஊர்ச் சொல்லைச் சொன்னாள், சரி. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லையே. அவள் பம்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. கை நெஞ்சின் மேல் அப்படியே அடங்கியது, அதற்குப் பிறகு அசையவில்லை. பக்கத்துப் படுக்கை மெஷின் கூவிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அந்தத் தம்பியைப் பார்த்தார். செண்பகவல்லியும் அவனைத்தான் பார்த்தாள்.

“தம்பி,” என்றாள், “இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?”